நாய் சொன்னதாகச் சொன்னவன்

தொடர் கொலைகாரர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும், 1988இல் ரொனால்டு ஹோம்ஸும் ஜேம்ஸ் டி பர்கரும் வகுத்த நான்கு பிரிவுகளை விரைவிலேயே சந்தித்துவிடுவார்கள். குரல் கேட்டோ காட்சி கண்டோ கொல்பவன் முதல் பிரிவு. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தாரை ஒழிப்பதே தன் கடமை என்று நம்பிக் கொல்பவன் இரண்டாவது. காமம், கிளர்ச்சி, பண ஆதாயம் ஆகியவற்றுக்காகக் கொல்பவர்கள் எல்லாரும் மூன்றாவதில் அடங்குவார்கள். இன்னோர் உயிர் முழுமையாகத் தன் பிடியில் கிடக்கும் அந்த அதிகாரத்துக்காகவே கொல்பவன் நான்காவது. எனக்கும் வெகுகாலம் இது தெளிவான பகுப்பாகவே தோன்றியது. டேவிட் பெர்கோவிட்ஸின் வழக்கைப் படித்த பிறகுதான் ஐயம் எழுந்தது.

1976, 1977ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்ற அவன், பக்கத்து வீட்டு நாயின் வழியாகப் பேய் ஏவியதால்தான் கொன்றேன் என்றான். முதல் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால், 1979இல் சிறையிலிருந்தபடி பத்திரிகையாளர்களிடம் பேசியபோது, அந்தக் கதை முழுவதும் தானே புனைந்தது என்று ஒப்புக்கொண்டான்.

இங்கிலாந்தின் பீட்டர் சட்கிளிஃப் வழக்கு இதற்கு நேர்மாறானது. 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்ற அவன், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வேலை பார்த்தபோது கடவுளின் குரலைக் கேட்டதாகவும், பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கொல்லும்படி அக்குரல் பணித்ததாகவும் 1981இல் நீதிமன்றத்தில் கூறினான். மனநல மருத்துவர்கள் மனச்சிதைவு என்றார்கள். ஜூரிகள் அதை ஏற்காமல் கொலைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவன் பிராட்மூர் மனநல மருத்துவமனைக்குத்தான் மாற்றப்பட்டான். குரல் கேட்டது உண்மையென்றால் அவன் முதல் பிரிவு. குரல் இட்டது ஒழிக்கும் பணி என்பதால் இரண்டாம் பிரிவும்கூட. பொய்யென்றால் இரண்டும் இல்லை. கொன்றவனின் வாய்மொழியை நம்புவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்காமல் எந்தப் பெட்டியிலும் அவனைப் போட முடியாது. அப்படித் தீர்மானிக்க அந்தப் பகுப்பு நமக்கு எந்த வழியையும் தருவதில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் வாய்மொழியை விட்டுவிட்டுக் கொலை நடந்த இடத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். ஆயுதத்தைக் கையோடு கொண்டுவந்து, தடயத்தை அழித்துச் செல்பவன் ஒழுங்குடையவன். கையில் கிடைத்ததால் தாக்கி, உடலை அப்படியே விட்டுப் போகிறவன் ஒழுங்கற்றவன். சிறையிலிருந்த 36 பேரிடம் நேர்காணல் நடத்திய ஆய்வே இதற்கு அடித்தளம். 2004இல் உளவியலாளர் டேவிட் கேன்டரும் அவருடைய சகாக்களும் 100 அமெரிக்கத் தொடர் கொலைகாரர்களின் குற்றங்களை வைத்து இதைச் சோதித்தபோது, ஒழுங்கின் கூறுகள் ஏறக்குறைய எல்லாரிடமும் காணப்பட்டன; இரண்டு தனி வகைகள் தென்படவில்லை. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பேன்: ஓரளவாவது திட்டமிடாதவன் முதல் கொலையிலேயே சிக்கிவிடுவான், தொடர் கொலைகாரன் ஆகும் அளவுக்கு வெளியில் இருக்க மாட்டான்.

2005இல் சான் அன்டோனியோவில் எஃப்.பி.ஐ. கூட்டிய கருத்தரங்கில், வெவ்வேறு நிகழ்வுகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொல்வது என்ற எளிய வரையறை ஏற்கப்பட்டபோது, நோக்கம் அதிலிருந்து வேண்டுமென்றே விலக்கப்பட்டது. புலனாய்வாளருக்கு இது வசதியான முடிவு. ஏன் என்று கேட்பவருக்கு ஏமாற்றம்.

அந்தக் கேள்வியோடு நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்வது ஹரால்டு ஷிப்மனிடம்தான். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் நகரில் மருத்துவராக இருந்த அவன், பெரும்பாலும் முதிய பெண்களான தன் நோயாளிகளுக்கு டயமார்ஃபின் என்ற கடுமையான வலிநிவாரணியை ஊசியில் செலுத்திக் கொன்றான். 2000இல் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டான். பின்னர் நடந்த பொது விசாரணை 2002இல் 215 பேரை அடையாளம் கண்டது. அவனைச் சிக்கவைத்தது ஒரு போலி உயில் என்பதால் பண ஆதாயம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மற்ற மரணங்களில் பெரும்பாலானவற்றால் அவனுக்குக் கிடைத்த பணம் ஏதுமில்லை. உயிரைப் போக்கும் அதிகாரத்தில் மயங்கியிருக்கலாம் என்பது பலரின் ஊகம். எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே, 2004 ஜனவரியில் அவன் சிறையில் தூக்கிட்டு இறந்தான்.