பாராட்டா, புகாரா?

மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பணிநிறைவுப் பாராட்டு மடல் என் மேசைக்கு வந்தது. ஓய்வுபெறும் அதிகாரியை 'எலக்வன்ட்' (eloquent, அதாவது சொல்திறம் மிக்கவர்) என்று ஒரே ஆங்கிலச் சொல்லில் புகழ்ந்திருந்தார்கள். 'வாக்குச் சாதுரியம் மிக்கவர்' என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். மெய்ப்புப் பார்த்த மூத்தவர் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "ஏம்மா, இது பாராட்டா, புகாரா?" என்றார்.

சாதுரியத்தில் கெட்டிக்காரத்தனம் உண்டு, கொஞ்சம் நழுவலும் உண்டு. அன்றிலிருந்துதான் இந்தச் சொற்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். 'நா'வில் தொடங்கினால் பெரும்பாலும் மரியாதை: நாவன்மை, நாநயம், நாவலர். 'வாய்' வந்தால் சந்தேகம்: வாய்ஜாலம், வாய்ச்சவடால், வாயாடி. (வாய்மை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல் தனியே நிற்கிறது.) நா நாக்காகிவிட்டாலும் மதிப்பு போச்சு; 'நாக்கு நீளம்' என்று எழுதி யாரையும் வழியனுப்ப முடியாது.

திருக்குறளின் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. மாசற்ற சில சொற்களில் சொல்லத் தெரியாதவர்கள்தான் பல சொல்ல ஆசைப்படுவார்கள் என்கிறது அதில் 649ஆம் குறள். அலுவலகக் கூட்டங்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். எழுத்துக்கு நன்னூல் இருக்கிறது. அது அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்' எனக்குப் பிடித்தது. அமர்க்களமாகக் கிளம்பி, போகப் போக நைந்து, ஒன்றுமில்லாமல் முடிவது. நான் திருத்திய ஆண்டறிக்கைகளில் பாதிக்கு இந்த நோய்தான்.

மடலுக்கு வருகிறேன். 'நாவன்மை' என்று மாற்றிக் கொண்டுபோனேன். "மூலத்தை முழுசா படிச்சியாம்மா?" என்றார். படித்தேன். கூட்டத்தில் அந்த அதிகாரி வாயே திறக்கமாட்டாராம். புகழ்ந்தது அவருடைய கோப்புக் குறிப்புகளை. நாவுக்கு அங்கே வேலையே இல்லை.

எழுதுகிறவரின் திறமையை 'நடை' என்போம். ஆனால் 'நல்ல நடை உடையவர்' என்று பாராட்டு மடலில் எழுதினால் அது ஒழுக்கச் சான்றிதழ் ஆகிவிடும். 'சொல்வளம்' போட்டுப் பார்த்தேன். அவர் குறிப்புகள் நாலு வரியைத் தாண்டாதவையாம், அதுவும் பொருந்தவில்லை.

கடைசியில் 'சொல்ல வந்ததை எழுத்தில் நிறுத்திக் காட்டுபவர்' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல்லுக்கு ஐந்து சொல். 649ஆம் குறளுக்கு நானே ஆள். மூத்தவர் இரண்டு முறை படித்தார். இந்தத் தடவை வட்டம் விழவில்லை.