பேனா இறங்கும் நேரம்

ஜனவரி 3, சனி

முழங்கால் வலி வந்தபிறகு அம்மாவால் தரையில் உட்கார்ந்து கோலம் போட முடிவதில்லை. நோட்டு முழுக்கக் கோலங்கள் சும்மா கிடக்கின்றன. அவற்றில் பத்தையாவது கறுப்பு அட்டையில் வெள்ளை மார்க்கரால் வரைந்து, பொங்கலுக்கு சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இதே மாடியில் இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வரைய இயந்திரம் இருக்கிறது: அடியடியாகத் திரும்பும் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை, அதற்குள் வெட்டு இயந்திரங்களை இயக்கும் ஜிஆர்பிஎல் என்ற நிரல். பேனாவைத் தூக்கி இறக்கும் சர்வோ மோட்டாரின் பாஷைதான் ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியாது.

ஊனோவின் 11ஆம் பின்னில், அதாவது இணைப்பு முனையில், ஜிஆர்பிஎல் வெளியிடுவது, வெட்டுமோட்டாரின் வேகத்துக்கான பிடபிள்யூஎம் சமிக்ஞை. நொடிக்குச் சுமார் 976 துடிப்புகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பங்கு நேரம் மின்னழுத்தம் உயர்ந்திருக்கிறது என்பதே செய்தி. சர்வோ எதிர்பார்ப்பதோ நொடிக்கு 50 துடிப்புகள். துடிப்பின் அகலம் 1 மில்லிநொடி என்றால் ஒரு கோடிக்குத் திரும்பும், 2 என்றால் மறுகோடிக்கு. நடுவில் நானோ என்ற இன்னொரு சிறிய ஆர்டுயினோ பலகையை வைத்து, முதலாவதை அளந்து இரண்டாவதாக மாற்றித் தரவேண்டும். ஜிஆர்பிஎல்லையே திருத்தலாம்தான். ஆனால் மோட்டார்களின் ஒவ்வோர் அடியையும் நேரம் தவறாமல் கணக்கிடும் நிரலில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மதியம் மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் டவரில் நானோவும் சிறிய சர்வோவும் வாங்கிவந்தேன்.

ஜனவரி 5, திங்கள்

நானோ காட்டிய எண்கள் கன்னாபின்னாவென்று தாவின. இரண்டு பலகைகளுக்கும் தனித்தனி மின்சாரம்; சமிக்ஞைக் கம்பியை மட்டும் இணைத்திருந்தேன். மின்னழுத்தத்தை அளக்க அடிப்படையான கிரவுண்ட் கம்பிகள் இரண்டையும் சேர்த்ததும் அடங்கின.

ஜனவரி 7, புதன்

ஜிஆர்பிஎல்லுக்கு வேகக் கட்டளையாக எஸ்500 கொடுத்தால் பேனா பாதி இறங்குகிறது. எஸ்900 கொடுத்தால் நன்றாக இறங்குகிறது. முழு அளவான எஸ்1000 கொடுத்தால் மேலே போய்விடுகிறது! அதுவும் உடனே அல்ல, ஒரு நொடி கழித்து.

இரண்டு மணி நேரம் கம்பிகளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அந்த ஒரு நொடிதான் காட்டிக்கொடுத்தது. அளப்பதற்கு நானோவில் நான் எழுதியிருந்தது, துடிப்பின் அகலத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை. சமிக்ஞை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தால்தான் அதனால் அளக்க முடியும். முழு அளவில் சமிக்ஞை இறங்குவதே இல்லை, ஒரே கோடாக உயர்ந்தே நிற்கிறது. பல்ஸ்இன் ஒரு நொடி காத்திருந்துவிட்டுப் பூஜ்யம் என்று விடை சொல்கிறது. பூஜ்யம் என்றால் பேனா மேலே.

காத்திருக்கும் கெடுவை 3 மில்லிநொடியாகக் குறைத்தேன். பூஜ்யம் வந்தால் பின்னின் நிலையை நேராகப் படிக்கும்படி எழுதினேன்: உயர்ந்திருந்தால் முழு அளவு, தாழ்ந்திருந்தால்தான் உண்மையான பூஜ்யம். எட்டு அளவீடுகளின் சராசரியை எடுத்ததும் பேனாவின் நடுக்கமும் போயிற்று. இந்தச் சில வரிகள் எனக்குக் கொடுத்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஜனவரி 9, வெள்ளி

சர்வோ அசையும்போதெல்லாம் நானோ மறுபடி தொடக்கத்துக்குப் போனது. மோட்டார் திடீரென்று இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரிகிறது. சர்வோவுக்குத் தனி 5 வோல்ட், பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. சரியாகிவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

முதல் சிக்குக் கோலம். அட்டையை விளக்கருகில் பிடித்து, அம்மா ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இங்கேதானே ஆரம்பித்தது? சிக்குக் கோலத்தில் ஆரம்பித்த இடம் தெரியக்கூடாது.”

மிளகளவு மைப்பொட்டு. பேனா இறங்கி முடியட்டும் என்று 0.3 நொடி நிறுத்தம் வைத்திருந்தேன். இறங்கியபின்னும் அதே இடத்தில் நின்று மை கசிந்திருக்கிறது. நிறுத்தத்தை 0.1 ஆக்கினேன். பேனா தாளைத் தொடுமுன்பே இயந்திரத்தின் கை நகர்ந்து, கோட்டின் தலையில் இடைவெளி விழுந்தது. 0.2, 0.15, 0.18 என்று பழைய அட்டைகளில் வரைந்து பார்த்தேன். 0.18இல் பொட்டும் இல்லை, இடைவெளியும் இல்லை. கோடு முடியும் இடத்தில் ஆரம்பத்தின்மேல் 2 மில்லிமீட்டர் கூடுதலாக ஓடவிட்டேன். அம்மாவும் கைக்கோலத்தில் அப்படித்தான் இழுத்து முடிப்பாராம்.

ஜனவரி 13, செவ்வாய்

பத்தாவது அட்டையும் முடிந்தது. அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி ஆரம்பத்தைத் தேடினார். மூன்றில் கண்டுபிடித்தார். அந்த மூன்றையும் இன்றிரவே மறுபடி வரைகிறேன்.