மலையிலிருந்து மணல் வரை: கல் மன்றத்து நாட்குறிப்பு

2024 ஜூலை 14, ஞாயிறு

இந்தப் பருவம் முழுக்க ஒரே தாதுவைப் பிடித்துக்கொள்வது என்று இன்றைய கூட்டத்தில் முடிவானது: கார்னெட். கன்னியாகுமரிக் கடைகளில் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே அந்தச் சிவப்பு மணல், அது எந்தப் பாறையில் பிறந்தது, எந்த ஆற்றில் இறங்கியது, கரையில் ஏன் அப்படி ஒதுங்கியது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

இதுவரை எங்கள் மன்றத்தில் அவரவர் கண்ணில் பட்டதைக் கொண்டுவந்து மேசையில் பரப்புவதுதான் வழக்கம். கண்ணைப் பறிக்கும் கற்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அலமாரியில் பாதிக்கு மேல் எங்கே எடுத்தது என்ற குறிப்பே இல்லை. கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்ற சார் இன்று ஒவ்வொன்றாக எடுத்து, "இது எங்க கிடந்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பதில் வராத கற்களைத் தனியாக ஒதுக்கினார். சின்னப் பிள்ளைகள் உரசிப் பார்த்துப் பழக அவை போதும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இனிமேல் சீட்டு இல்லாத கல் பெட்டிக்குள் போகாது. ஊர், தேதி, எடுத்தவர், கைபேசி காட்டும் இட எண், பாறையோடு ஒட்டியிருந்ததா உதிர்ந்து கிடந்ததா என இவ்வளவும் அங்கேயே எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதக் கூடாது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிவிட்டதாகப் பாட்டி சொன்னாள் என்றாள். அந்தக் கதையையும் அவள் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். இந்தக் கரையின் மணல் சாதாரண மணல் இல்லை என்று நம் முன்னோர் எப்போதோ கவனித்திருக்கிறார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

மயிலாடி. கல்லைப் பற்றிக் கேட்க மாவட்டத்தில் இதைவிட நல்ல ஊர் கிடையாது. பட்டறை வைத்திருக்கும் சிற்பி அண்ணாச்சி காலையிலேயே எங்களுக்காக வேலையை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்.

உளியின் பின்பக்கத்தால் ஒரு பாளத்தைத் தட்டினார். மணி போல ஒலித்தது. அடுத்ததைத் தட்டினார், ஒலி சட்டென்று அடங்கிவிட்டது. "தட்டுனா கல்லே சொல்லும் டீச்சர், நாம சொல்லாண்டாம்." மணியோசை கேட்டால் ஆண் கல், தாளம் போல் கேட்டால் பெண் கல், ஓசையே எழாவிட்டால் சிலைக்கு ஆகாத கல் என்பது சிற்பிகளின் பழைய கணக்கு. உள்ளே விரிசல் இருந்தாலோ, தாதுக்கள் இற்றுப்போய் மண்ணாகத் தொடங்கியிருந்தாலோ அதிர்வு பரவாமல் அங்கங்கே செத்துவிடும் என்று நிலவியல் சார் விளக்கினார். அண்ணாச்சி தலையாட்டிவிட்டு, "அதத்தான் எங்க அப்பாவும் சொல்லுவாரு" என்றார். சுசீந்திரத்து இசைத் தூண்களைச் செதுக்கியவர்களும் முதலில் இப்படித் தட்டித்தான் கல்லைத் தேர்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உடைத்த சில்லு ஒன்றைக் கொடுத்தார். வெளிப்புறம் பழுப்பு. உள்ளே புது முகம் கரும்பச்சை, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கு. சார்னோக்கைட். நாகர்கோவிலைச் சுற்றிய குவாரிகளில் ஜல்லியாகப் போவதும் பெரும்பாலும் இந்த வகைதான். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். கல்லறைக்குப் போன கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை வகை. நம் ஊர் வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கும் கல்லை உலகம் முழுக்க நிலவியல் மாணவர்கள் இந்தப் பெயரைச் சொல்லிப் படிக்கிறார்கள் என்று கேட்டதும் பிள்ளைகளுக்கு நிமிர்வு வந்துவிட்டது. எனக்கும்தான்.

ஜூலை 28, ஞாயிறு

மேற்கே, அருமனைப் பக்கம். ரப்பர் தோட்டத்தை ஒட்டி, வீடு கட்ட மேட்டை வெட்டியிருந்த இடம். உரிமையாளரிடம் முதல் நாளே கேட்டு வைத்திருந்தோம். அவரே கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனியும் தந்தார்.

வெட்டு முகத்தைப் பார்த்ததும் சார் பேச்சை நிறுத்திவிட்டார். மேலே ஆள் உயரத்துக்குச் செம்மண். அதன் கீழே வெட்டுக்கல் போல ஓட்டை ஓட்டையாக ஒரு படலம். அதற்கும் கீழே மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாக வரி வரியாக ஒரு பாறை, விரலால் குத்தினாலே உதிர்கிறது. கொண்டலைட். ஒடிசாவின் கோண்டு மக்கள் பெயரால் அழைக்கப்படும் பாறை. இது ஒரு காலத்தில் வெறும் களிமண் சேறு. நீரடியில் படிந்து, புதைந்து, பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில் 800 டிகிரிக்கு மேல் வெந்தது. அது நடந்து ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். அப்போது மடகாஸ்கரும் இலங்கையும் நமக்குப் பக்கத்து வீடு. சேற்றில் இருந்த அலுமினியமும் இரும்பும் சேர்ந்து கார்னெட் ஆயின. மிஞ்சிய அலுமினியம் ஊசி ஊசியாகச் சில்லிமனைட் ஆனது. வரிகளுக்கிடையே விரலில் கரி போல ஒட்டும் கிராஃபைட் செதில்களும் உண்டு. அன்றைய சேற்றில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் கார்பன்தான் பெரும்பாலும் இப்படி மிஞ்சியிருக்கிறது என்றார் சார்.

பத்தாம் வகுப்புப் பையன் முதல் கார்னெட்டைக் கண்டான். மாதுளை முத்து அளவு, முனை மழுங்காத முகங்கள், வெயிலுக்கு நேரே பிடித்தால் ஒயின் நிறம். அவன் அதைப் பிடுங்கவில்லை. முதலில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தான், பிறகு சீட்டு எழுதினான், அப்புறம்தான் கை வைத்தான். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அந்த வீட்டுத் திண்ணையிலேயே எடை பார்த்தோம். சின்ன டிஜிட்டல் தராசு, நூல், ஒரு டம்ளர் தண்ணீர். இருந்ததில் பெரிய கார்னெட் காற்றில் 8.2 கிராம், தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 2 கிராம் குறைகிறது. 8.2-ஐ 2-ஆல் வகுத்தால் 4.1. அதாவது தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி. பக்கத்தில் கிடந்த வெங்கச்சங்கல்லுக்கு, அதாவது குவார்ட்ஸுக்கு, 2.65 வந்தது. இந்த இரண்டு எண்களையும் எல்லாரும் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார்கள். ஆற்றிலும் கடலிலும் நடப்பதற்கெல்லாம் இந்த வித்தியாசம்தான் காரணம்.

திரும்பும் வழியில் சிதறால் மலை ஏறினோம். அங்கே சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். சமணத் துறவிகள் தங்கிய குகையையும் புடைப்புச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு இறங்கினோம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. கன்னியாகுமரிச் சாலையெல்லாம் கூட்டம். இன்று கள ஆய்வு வைக்கவில்லை.

வயநாட்டு நிலச்சரிவுச் செய்தி வந்ததிலிருந்து யாருக்கும் மனம் ஒட்டவில்லை. கூடியிருந்தவர்கள் அதைப் பற்றியே பேசினோம். போன வாரம் நாம் விரலால் குத்திப் பார்த்தோமே, அதுபோல இற்றுப்போன மண் பல மீட்டர் ஆழத்துக்குக் கெட்டிப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும். விடாத மழையில் தண்ணீர் அதற்குள் நிறைந்துவிட்டால் சரிவில் மொத்தமாக வழுக்கும் என்று சார் படம் வரைந்து காட்டினார். நம் மலையோரத்திலும் அதே மாதிரி மண்தான். சரிவை வெட்டும்போது தண்ணீர் வடிய வழி விட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வள்ளியாறு. தண்ணீர் முழங்கால் அளவுதான், தெளிவு. வளைவின் உட்புறத்தில் மணல் மேடு.

சிரட்டைதான் எங்கள் கருவி. மணலை அள்ளி, தண்ணீரில் அமிழ்த்தி, மெல்லச் சுழற்ற வேண்டும். பாட்டி சொளவில் அரிசி புடைக்கும் லாவகம் இதற்கு வேண்டும்: பதரை வெளியே விட்டு மணியைத் தங்க வைப்பது. வெள்ளை மணல் விளிம்பில் வழிந்து போகப் போக, சிரட்டையின் குழியில் கருப்பாக ஒரு கோடு தங்கியது. அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய வட்டம். கருப்பு 4.7 அடர்த்தியுள்ள இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது; சிவப்பு நம் கார்னெட். எடை கூடியது நடுவில், அதற்கு அடுத்தது வெளியே. தராசில் பார்த்த கணக்கைத் தண்ணீரே போட்டுக் காட்டுகிறது.

மாதுளை முத்தாக இருந்தது இங்கே கடுகு அளவுக்கு வந்துவிட்டது. முனைகள் தேய்ந்திருக்கின்றன, முகங்கள் தெரியவில்லை. ஆனால் லென்ஸில் பார்த்தால் அதே நிறம்.

துணி துவைக்க வந்த ஒரு அக்கா, "தங்கமா மக்கா தேடுதிய?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரட்டையைக் காட்டி விளக்கினார்கள். அவர் தன் பங்குக்கு, பெருமழை வடிந்த மறுநாள்தான் இந்தக் கருப்பு அதிகம் படியும், அந்தக் கல்லுக்குப் பின்னால் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தோம். அவர் சொன்ன கல்லுக்குப் பின்னால் விரல் கனத்துக்குக் கருமணல். அந்தத் தகவலும் சீட்டில் ஏறியது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மாலையில் மொட்டைமாடி. ஆற்றில் சேர்த்த கைப்பிடி மணலைக் காயவைத்துப் பிரித்தோம். காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய துகளை எடுக்கவே முடியாது. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய சாதாரணக் காந்தம் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவை மட்டும் தூக்கியது. அதைவிட வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனதும் இல்மனைட் எழுந்தது. இன்னும் நெருக்கினால் கார்னெட்டும் தயங்கித் தயங்கி நகர்ந்தது; உள்ளே இருக்கும் இரும்பின் வேலை.

எதற்கும் அசையாமல் மிஞ்சியவை குவார்ட்ஸ், ரூட்டைல், சிர்கான், சில்லிமனைட். இருட்டியதும் சார் குறை அலைநீளப் புற ஊதா விளக்கை எடுத்தார். கண்ணாடி போடாமல் யாரையும் கிட்ட விடவில்லை. விளக்கு பட்டதும் மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சளாகப் பொறிகள். சிர்கான்! பிள்ளைகள் கூச்சல் போட்டதில் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.

சிர்கானை நான் மிகவும் மதிக்கிறேன். பாறை உடைந்து மண்ணானாலும் அது அழிவதில்லை. மறுபடி பாறையாகி மறுபடி உடைந்தாலும் தாங்கும். உள்ளே மாட்டிக்கொண்ட யுரேனியம் ஒரே வேகத்தில் ஈயமாக மாறுவதால் அதன் வயதைக் கணக்கிட முடியும். பூமியில் இதுவரை கிடைத்த மிகப் பழைய தாதுத் துகள் ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் சிர்கான், 440 கோடி ஆண்டு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முட்டம், பிறகு மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரை. கள்ளக்கடல், அதாவது திடீரெனக் கரையேறும் பேரலை, எச்சரிக்கை உண்டா என்று காலையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். பிள்ளைகள் ஈர மணலைத் தாண்டி இறங்கக் கூடாது என்று கண்டிப்பு.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே செம்மண் சரிவுகள். கரையில் கருப்பும் சிவப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக மணல். தென்மேற்குப் பருவத்தில் அலை வேகமாக ஏறி எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவருகிறது. திரும்பும் அலைக்கு அவ்வளவு வலு இல்லை. லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது. சிரட்டையில் நாங்கள் செய்ததைக் கடல் ஒவ்வொரு அலையிலும் செய்கிறது. ஓரிடத்தில் மணலை ஒரு முழம் நேராக வெட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு பட்டையும் ஒரு கொந்தளிப்பின் பதிவு. அளந்து வரைந்துகொண்டு குழியை மூடினோம்.

கார்னெட் இங்கே மாவுச் சர்க்கரைக்குக் கொஞ்சம் பெரிதான பொடி. அதை உள்ளங்கையில் வைத்து, அருமனைக் கல்லின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பையன் ஒரு படம் எடுத்தான்.

இந்தக் கரையின் கதையைப் பிள்ளைகளுக்கு முழுதாகச் சொன்னேன். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். அப்போது ஐரோப்பாவின் தெருவெல்லாம் எரிவாயு விளக்கு. அதன் மேண்டிலுக்கு, அதாவது சுடரில் ஒளிரும் வலைக்கு, தோரியம் என்ற கதிரியக்க உலோகம் வேண்டும். தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. கயிற்றின் வழி தேடி அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை தொடங்கினார். திருவிழா இரவுகளில் பெட்ரோமாக்ஸ் தூக்கிப் போவார்களே, அந்த வெள்ளை மேண்டிலும் அதே தோரியத்தால் ஆனது. 1950-இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. இங்கே அதன் ஆலை இன்றும் இயங்குகிறது. இல்மனைட் வெள்ளைப் பெயிண்டுக்குப் போகிறது, சிர்கான் டைல்ஸ் மெருகுக்கு, கார்னெட் உப்புத்தாளுக்கும் கல் அறுப்புக்கும். மொட்டைமாடியில் நாம் பிடித்த காந்தத்தின் நியோடிமியமும் மோனசைட்டில் இருக்கும் தனிமம்தான்.

மோனசைட் கதிரியக்கம் உள்ளது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஆகவே இந்தக் கரையிலிருந்து மன்றம் ஒரு சிட்டிகை மணலும் எடுப்பதில்லை. லென்ஸில் பார்ப்போம், படம் எடுப்போம், கையை உதறிவிட்டு வருவோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் சின்னப் புட்டியில் கொஞ்சம் போல எடுத்துக்கொள்ளலாமே என்றார். கூடாது என்றேன். சட்டம் ஒருபுறம், வீட்டு அலமாரியில் தோரியம் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்?

செப்டம்பர் 15, ஞாயிறு

திருவோணம். கூட்டம் இல்லை. பையன் மட்டும் மட்டிப்பழக் குலையோடு வந்து, வரைபடத்தின் பென்சில் வேலையை முடித்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வரைபடம் சுவரில் ஏறியது. மேலே அருமனை வெட்டு முகம், நடுவில் வள்ளியாற்று வளைவு, கீழே முட்டத்துக் கரை. ஒவ்வோர் இடத்துக்கும் கார்னெட்டின் படம் ஒரே அளவுகோலில். ஆற்றுச் சீட்டில் அந்த அக்கா சொன்ன மழைக் குறிப்பு.

சார் ஒரு கேள்வியைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்: அருமனைப் பக்கத்துத் தண்ணீர் வள்ளியாற்றுக்கு வருவதில்லை, குழித்துறையாற்றோடு சேர்ந்து தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. அப்படியானால் முட்டத்துக் கார்னெட் கரையோர நீரோட்டத்தில் அங்கிருந்து நகர்ந்து வந்ததா, வள்ளியாற்றின் சொந்தப் பாறைகளிலிருந்து வந்ததா, அல்லது கரையின் செம்மண் மேடுகளே உதிர்ந்ததா? பத்மநாபபுரத்துக்கு வடக்கே வள்ளியாற்றின் மேல்மடையில் பாறை முகம் தேடாமல் இதற்குப் பதில் இல்லை.

கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாகத் தாது மணல் எடுக்கும் திட்டம் பற்றிக் கரையோர ஊர்களில் கவலையோடு பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கரையில் வாழ்கிறவர்களின் பயம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. எது எப்படி முடிந்தாலும், இப்போது மணல் எப்படிக் கிடக்கிறது, பட்டைகள் எவ்வளவு கனம், கரை எவ்வளவு அகலம் என்று அளந்து வைப்பது நம்மால் ஆகும். தேங்காப்பட்டணத்திலிருந்து மணக்குடி வரை இடங்களைப் பிரித்துக்கொண்டோம். எனக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் பழையாறு கடலில் சேரும் மணக்குடி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு. அக்டோபர் முதல் ஞாயிறு காலை ஆறரைக்குப் பாலத்தடியில் கூடுகிறோம். டேப்பும் சீட்டுக் கட்டும் நான் கொண்டு வருகிறேன், சிரட்டை அவரவர் பொறுப்பு.