ரெசின் காய்வதில்லை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் மாமா நடத்தும் சிறிய படகுப் பட்டறையில், கண்ணாடியிழையைப் பிணைத்து இறுகும் திரவப் பிசினான ரெசினைப் பற்றி, "ரெசின் காய்ந்துவிட்டதா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகும் நானும் பல ஆண்டுகள் அப்படியே கேட்டேன். ஆனால் துணி காய்வதுபோல் ரெசினிலிருந்து நீர் வெளியேறுவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து, மீண்டும் உருக்க முடியாத வலையாக இறுகுகின்றன.

இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது ஒரு வாளி. அதில் மூன்று லிட்டர் பாலியஸ்டர் ரெசினுக்கு 2 விழுக்காடு கேட்டலிஸ்ட் (இறுகும் வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்) கலந்து வைத்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போனேன். திரும்பியபோது வாளி புகைந்துகொண்டிருந்தது. இறுகும் வினையே வெப்பத்தை உமிழ்கிறது. குறுகிய வாளியில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்க, தேங்கிய வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்துகிறது. அதே ரெசினைக் கண்ணாடியிழைப் பாயின்மேல் மெல்லியதாகப் பரப்பியிருந்தால் எதுவும் நேர்ந்திராது. தடித்த பாகங்களைச் சில அடுக்குகளாக, இடைவெளி விட்டுப் போடுவது இதனால்தான்.

எப்பாக்சி என்ற இன்னொரு வகை ரெசினின் கணக்கு வேறு. பாலியஸ்டரில் கேட்டலிஸ்ட் வினையைத் தொடங்கிவைப்பது மட்டுமே. எப்பாக்சியிலோ, அதோடு கலக்கும் ஹார்டனர் என்ற இறுக்கியே வலையின் ஒரு பாதி. எனவே 'சீக்கிரம் இறுகட்டும்' என்று கூடுதலாக ஊற்றினால், இணை கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கி, பாகம் வலுவிழக்கிறது. பினாங்கின் ஈரக்காற்று இதில் இன்னொரு தொல்லை. அமீன் வகை ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் மெழுகுபோன்ற படலத்தை உண்டாக்கும். அதை வெறும் தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாள் தேய்க்க வேண்டும். முதலிலேயே தேய்த்தால் அந்த அழுக்கு பரவி, அடுத்த அடுக்கு ஒட்டாது.

அறை வெப்பத்தில் இறுகியது முழுமையாக இறுகியதாகாது என்பதையும் தாமதமாகவே அறிந்தோம். கருநீலச் சாயம் பூசிய மீன்கிடங்கு மூடி ஒன்று, நண்பகல் வெயிலில் வளைந்துவிட்டது. வலை போதிய அளவு பின்னப்படாத நிலையில், வெயிலின் சூட்டிலேயே எப்பாக்சி இளகத் தொடங்குகிறது. இப்போது மூடிகளைத் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் வைத்து, பல்புகளால் மெல்ல மெல்லச் சூடேற்றி, 60 பாகை செல்சியஸில் சில மணி நேரம் வைத்திருக்கிறோம்.

எங்கள் கூடாரத்தின் பெரிய அண்ணன், சூட்டோடு அழுத்தமும் தரும் மூடிய கலமான ஆட்டோகிளேவ். கெடாவின் புக்கிட் காயு ஈத்தாமில் போயிங் விமானங்களுக்குக் கூட்டுப்பொருள் (இழையும் ரெசினும் சேர்ந்தது) பாகங்கள் தயாராகின்றன. விமானத் தொழிலில், ரெசின் முன்பே ஊறிய கரியிழைத் துணிகளை உறைபெட்டியில் சேமித்து, அடுக்கி, வெற்றிடப் பையால் மூடி, அந்தக் கலத்துக்குள் சுமார் 180 பாகையில், வளிமண்டலத்தைப்போல் ஆறேழு மடங்கு அழுத்தத்தில் இறுக வைப்பது வழக்கம். வெற்றிடப் பை மட்டுமே தரக்கூடியது ஒரு வளிமண்டல அழுத்தம். மிகுதி அழுத்தம் காற்றுக் குமிழிகளை நசுக்கி, இழைகளை நெருக்குகிறது. புற ஊதா ஒளியால் நிமிடங்களில் இறுக்கும் முறையும் உண்டு. கண்ணாடியிழைக்கு அது பொருந்தும். ஒளியை உள்ளே விடாத கரியிழைக்குப் பொருந்தாது.

அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னொரு வெப்பமானி வாங்க வேண்டும். இப்போதுள்ளது கூடாரத்துக் காற்றின் சூட்டைத்தான் சொல்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது மூடியின் சூடு.