பன்னிரண்டாவது குப்பியில் கிராம்பு அடங்கியது

நான் கலக்கும் வாசனைத் தைலத்தில் மல்லிப்பூ, கிராம்பு, சந்தனம் மூன்றின் மணமும் ஒன்றையொன்று அமுக்காமல் கையில் வரிசையாக வந்து போக எனக்கு ஏழு மாதம் ஆனது. பன்னிரண்டாவது குப்பியில்தான் கூடி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

தொல்லை முழுக்கக் கிராம்பு எண்ணெயால்தான். அதில் பெரும்பகுதி யூஜெனால், கிராம்புக்கு அந்த நெடியைக் கொடுக்கும் பொருள். முதல் குப்பியைப் பூசிக்கொண்டு போய் அக்காவிடம் கையை நீட்டினேன். "பல் டாக்டர் ரூமுக்குள்ள போன மாதிரி இருக்குடா" என்றாள். மல்லி இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஆறு சொட்டை மூன்றாக்கினேன், இரண்டாக்கினேன். அப்போதும் கிராம்புதான் முன்னால் நின்றது.

சொட்டுக் கணக்கை நம்பியது பெரிய தப்பு. சந்தன எண்ணெய் கெட்டி, ஏலக்காய் எண்ணெய் தண்ணீர் மாதிரி. ஒரே ட்ராப்பரில் எடுத்தாலும் இரண்டின் சொட்டும் ஒரே எடை இல்லை. 0.01 கிராம் காட்டும் தராசு வாங்கினேன். அதிலும் 0.04 கிராம் கிராம்பை நிறுக்க முடியாது; மூச்சு பட்டாலே எண் மாறுகிறது. அதனால் கிராம்பை முதலில் உறையாத தேங்காய் எண்ணெயில் 10 சதவீதமாகக் கரைத்து வைத்துக்கொண்டு, அந்தக் கரைசலில் 0.40 கிராம் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழுந்தது. இதை முதல் மாதமே செய்திருந்தால் நான்கு குப்பிக்கான மல்லி அப்சல்யூட் (பூவிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுக்கும் செறிவான வாசனைச் சாறு) மிஞ்சியிருக்கும். அது விற்கிற விலைக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், காரம் முழுவதையும் கிராம்பின் தலையிலேயே ஏற்றியிருந்தேன். யூஜெனால் சீக்கிரம் பறக்காது, மல்லியோடு சேர்ந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். எனவே தொடக்கக் காரத்தை மிளகு, ஏலக்காய் எண்ணெய்களிடம் கொடுத்துவிட்டேன். இரண்டும் வந்த வேகத்தில் போகக்கூடியவை. கிராம்பு நடுவில் மட்டும்.

முழங்கை உட்புறத்தில் ஒரு தொடுதல். முதலில் ஏலக்காயின் குளிர்ச்சி, அதன் பின்னால் மிளகின் காய்ந்த நெடி. இருபது நிமிடத்தில் இரண்டும் இறங்கிவிட்டன. அங்கேதான் மல்லி எழுந்தது. புதிதாகப் பறித்த மொட்டின் மணம் இல்லை. இரவு முழுக்கத் தலையில் இருந்து, காலையில் தலையணையில் கிடக்கும் சரத்தின் மணம். மல்லியில் இருக்கும் இண்டோல் என்ற வேதிப்பொருள் செய்கிற வேலை அது. கிராம்பு அதன் அடியில் ஒரு கதகதப்பாக மட்டும் நின்றது. மூன்று மணி நேரம் கழித்துச் சந்தனமும் சாம்பிராணியும், தோலோடு ஒட்டி. மறுநாள் குளிக்கப் போகும்போதும் மடக்கில் லேசாக இருந்தது.

காகிதப் பட்டையில் மட்டும் முகர்ந்து முடிவெடுத்துவிடாதீர்கள். உடம்புச் சூடு இல்லாத பட்டையில் ஏலக்காய் ஒரு மணி நேரம் கழித்தும் போகாமல் நின்றது. அதை நம்பித்தான் ஐந்தாவது, ஆறாவது குப்பிகளில் ஏலக்காயைக் குறைத்துக் கெடுத்தேன்.

ஏலக்காய் எண்ணெய் போடியிலிருந்து வரவழைத்தது, அருமை. கிராம்பு எண்ணெய் இரண்டு இடத்தில் வாங்கினேன். மலிவானது இலையிலிருந்து எடுத்தது, கருகின நெடி அடிக்கும். கேட்டபோது மொட்டு எண்ணெய் என்று சாதித்தார்கள். குமரி மாவட்டக் கிராம்பு மொட்டையே வாங்கி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வடித்துப் பார்க்கலாமா என்று ஓர் எண்ணம் இருக்கிறது.

பன்னிரண்டாவது குப்பி இன்னும் ஊறவில்லை, பத்து நாள்தான் ஆகிறது. நிறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆறு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி பூசிப் பார்க்க வேண்டும். அதற்குள் கை சும்மா இருக்கவில்லை: செண்பக அப்சல்யூட் 2 கிராம் சொல்லிவிட்டேன். கூடவே பென்சைல் சாலிசிலேட் என்ற வாசனை வேதிப்பொருளும் வருகிறது. அதைச் சேர்த்தால் கிராம்பு நெடி கார்னேஷன் பூவின் பக்கம் திரும்பும் என்பார்கள். செண்பகத்தோடு அது எப்படிச் சேருகிறது என்று பார்க்கத்தான் பதின்மூன்றாவது குப்பி.