கதவு யார் கையில்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது ஊரே இலவச டேட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நான் அப்போது கோவையில் வேறொரு மொபைல் நிறுவனத்தின் ஸ்விட்ச் அறையில், அதாவது அழைப்புகளைத் திருப்பிவிடும் இடத்தில், வேலையில் இருந்தேன். எங்கள் பேச்சு முழுக்க இ-ஒன் பற்றித்தான்.

இ-ஒன் என்பது இரண்டு நிறுவனங்களின் ஸ்விட்சுகளை இணைக்கும் தடம். நொடிக்கு 2 மெகாபிட். ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். 31-வது ஆளுக்கு, "இந்தத் தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்று ஒரு பெண் குரல் சொல்லும். நாடு முழுக்கக் கேட்ட அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தது இந்த 30 என்ற கணக்குதான்.

ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. குரலும் டேட்டாவாகவே போனது. அதன் வலைக்குள் ஒரு ஜியோ எண் இன்னொரு ஜியோ எண்ணை அழைத்தால் இ-ஒன்னுக்கு வேலையே கிடையாது. ஆனால் அன்றைக்கு இந்தியாவில் எல்லோரிடமும் இருந்தது அடுத்த நிறுவனங்களின் எண்கள். அங்கே போக வேண்டுமென்றால், இன்டர்நெட் பாக்கெட்டாக, அதாவது சின்னச் சின்ன டேட்டா பொட்டலங்களாக வந்த குரலைப் பழைய முறைக்கு மாற்றி, அந்த 30 இடங்களில் ஒன்றில் உட்கார வைத்தாக வேண்டும். அந்தத் தடங்களை எத்தனை திறப்பது என்பது எதிர்ப்பக்கத்து நிறுவனத்தின் கையில் இருந்தது.

நூறில் 75-க்கும் மேற்பட்ட அழைப்புகள் இணைப்பு கிடைக்காமல் விழுகின்றன என்றது ஜியோ. விதிப்படி ஆயிரத்தில் 5-க்கு மேல் விழக்கூடாது. இலவசம் என்று சொல்லி அழைப்புகளைக் கொட்டினால் யாரால் தாங்க முடியும், அவகாசம் வேண்டாமா என்றன பழைய நிறுவனங்கள். அந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஸ்விட்சில் செருகும் கார்டு வாங்கவும் ஃபைபர் இழுக்கவும் நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஆனாலும் போட்டியாளனின் வாடிக்கையாளர் பேச முடியாமல் தவித்தால் லாபம் யாருக்கு என்று பார்த்தால், தாமதத்துக்கு இன்னொரு காரணமும் தெரியும். அக்டோபரில் ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. கவனியுங்கள், பரிந்துரைதான். தானே அபராதம் போடும் அதிகாரம் அந்த விஷயத்தில் டிராயிடம் இல்லை. தொலைத்தொடர்புத் துறைதான் முடிவெடுக்க வேண்டும். வேகம் தேவைப்பட்ட இடத்தில் சட்டம் இப்படி இருந்தது எனக்கு இன்றும் வருத்தம்.

அடுத்த சண்டை நிமிடத்துக்கு 14 பைசாவில். அழைப்பவரின் நிறுவனம், அழைப்பைப் பெறும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணம் அது. டிராய் அதை 2017 அக்டோபரில் 6 பைசாவாகக் குறைத்தது. 2020 ஜனவரியில் பூஜ்யமாக்குவதாக இருந்து, ஓராண்டு தள்ளி 2021 ஜனவரியில் ஒழித்தது. இடையில் 2019-ல், அழைப்பை வாங்கும் பக்கமாக இருந்தால் காசு வரும் என்பதால், நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் வெளியே செய்யும் அழைப்பில் மணி அடிக்கும் நேரத்தை 25 நொடி வரை குறைத்தன. மிஸ்டு கால் ஆகிவிட்டால் எதிராளி திருப்பி அழைப்பார் இல்லையா! அம்பாசமுத்திரத்தில் முழங்கால் வலியோடு இருக்கும் என் அம்மா கட்டிலிலிருந்து எழுந்து வருவதற்குள் போன் ஓய்ந்துவிடும். "ஏன்டா அதுக்குள்ள வச்சிட்ட?" என்று கேட்பாள். நான் வைக்கவே இல்லை. 6 பைசாவுக்காக யாரோ வைத்திருந்தார்கள். டிராய் தலையிட்டு மொபைலுக்கு 30 நொடி என்று நிர்ணயித்த பிறகுதான் அது நின்றது.

டிராய் இதில் செய்தது சரி என்றே நினைக்கிறேன். குரல் டேட்டாவாகிவிட்ட பிறகு, ஒரு நிமிடப் பேச்சை வாங்கி உள்ளே சேர்க்க ஆகும் செலவு மிகக் குறைவு. அதற்கு 14 பைசா வாங்குவது செலவை ஈடுகட்ட அல்ல, வாசலில் நிற்பதற்கான கூலி.

என்னை இப்போது உறுத்துவது வேறு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போனபோது, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டிய போர்ட் கோட் கிடைக்காமல் தமிழ்நாடு முழுக்க மக்கள் கடை கடையாக நின்றார்கள். அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மிஞ்சியது ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா என்று தனியார் மூன்று பேர், கூட பிஎஸ்என்எல். 2024 ஜூலையில் அந்த மூவரும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றினார்கள். இணைப்புத் தடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒழுங்குமுறை, சந்தை சுருங்குவதைத் தடுக்கவில்லை.

2023-ல் இன்னொன்றும் நடந்தது. வாட்ஸ்அப், யூடியூப் போன்ற பெரிய சேவைகள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று மூன்று நிறுவனங்களும் டிராயிடம் கேட்டன. ஜியோவும் சேர்ந்துதான். 2016-ல் கதவுக்கு வெளியே நின்றவர்கள் இப்போது உள்ளே நின்று கேட்கிறார்கள். அந்த டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்து நாம் ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது. அதே பாக்கெட்டுக்கு மறுமுனையிலும் வசூலித்தால், அதைக் கொடுக்க முடியாத சின்னச் செயலிதான் முதலில் சாகும். ஒரு தளத்துக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை என்று டேட்டாவைப் பிரிக்கக்கூடாது என்று 2016 பிப்ரவரி 8-ல் போட்ட உத்தரவை டிராய் எக்காரணம் கொண்டும் தளர்த்தக்கூடாது.

அம்மாவிடம் இன்னும் பட்டன் போன்தான். டேட்டா வேண்டாதவர்களுக்குக் குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அவளைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் விலையை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. அங்கேயும் ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பது என் கோரிக்கை. அடுத்த முறை டிராய் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது இதைத்தான் எழுதி அனுப்பப் போகிறேன்.