நாலு படி

கல்லூரி மேடை என்றால் பெரும்பாலும் நாலு படி. பள்ளிக்கூட மேடைக்கு மூன்று. கல்யாண மண்டபத்தில் ஐந்து, ஆறு என்று போகும். கைப்பிடி இருக்காது. போதாக்குறைக்கு மேலே சிவப்புக் கம்பளம் வேறு விரித்து வைப்பார்கள், அது வழுக்கும். பதினாறு வருடமாக மேடையேறிப் பிழைக்கிறவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. மற்ற பேச்சாளர்கள் அரங்கத்துக்குள் நுழைந்ததும் கூட்டத்தைப் பார்ப்பார்கள். நான் படியைப் பார்ப்பேன்.

இடது காலில் தொடை வரை காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம், வலது கையில் ஊன்றுகோல். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது இரும்புக் கால் முதலில். ஏழு வயதில் காலிப்பர் மாட்டிவிட்டவர் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. இன்றுவரை வேறு யாரும் அதைவிட உருப்படியாக எனக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்ததாம், ஊசி போட்டார்களாம், மறுநாள் கால் துவண்டுவிட்டதாம். என் வயதுப் போலியோக்காரர்கள் பல பேர் வீட்டில் இதே கதைதான். போலியோ கிருமி உடம்பில் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் அந்தக் காலுக்கு வாதம் வரும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவமும் சொல்கிறது. அம்மா அதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் இன்றைக்கும் அந்த ஊசியைத்தான் திட்டுவார், சாமியைத் திட்டுவதில்லை.

பேச்சாளன் ஆவதற்கு முன்னால் நான் எஸ்டிடி பூத், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் கடை வைத்திருந்தேன். தொண்ணூறுகளில் எங்களைப் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து பூத் ஒதுக்குவார்கள். திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டு பக்கம், மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். கட்டணம் குறையும் ராத்திரி நேரத்துக்காக ஜனங்கள் வரிசையில் காத்திருப்பார்கள். கூண்டுக்குள் பேசுவது வெளியே எனக்கு நன்றாகவே கேட்கும். மீட்டர் ஓடும்போது எவனும் முன்னுரை சொல்ல மாட்டான். "அப்பாவுக்கு முடியல, கிளம்பி வா." அவ்வளவுதான். பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று மேடையில் சொல்வேன், கைதட்டுவார்கள். மேடையில் நான் சொன்னவற்றில் முழுக்க உண்மையானது அது.

செல்போன் வந்து பூத்தைத் தின்றுவிட்டது. 2009-ல், பூத்துக்கு வந்து பழகிய ஓர் ஆசிரியர், "பசங்களுக்கு வந்து பத்து நிமிஷம் பேசுங்க தம்பி" என்று கூப்பிட்டார். பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. கிடைத்தது ஒரு பொன்னாடையும் எவர்சில்வர் தட்டும். அடுத்த நாலு வருடத்துக்கும் ஏறக்குறைய அதேதான். "சேவையா நினைச்சு வாங்க சார்" என்பார்கள். பட்டிமன்றக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் ஆனது. வீட்டில் பொன்னாடைகள் குவிந்து, கிரைண்டருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று என்று என் மனைவி எல்லாவற்றுக்கும் போர்த்திவிட்டாள். எங்கள் வீட்டில் கௌரவிக்கப்படாத பொருளே கிடையாது.

இந்தத் தொழிலுக்கும் சீசன் உண்டு. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். அன்றைக்கு மட்டும் ஆறு இடத்தில் கூப்பிடுவார்கள், ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். அப்புறம் ஜனவரி, பிப்ரவரி, பொதுத்தேர்வுக்கு முந்தைய பயம் தெளிவிக்கும் கூட்டங்கள். மே, ஜூனில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ரயிலில் எனக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு டாக்டர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழில், துணையில்லாமல் பயணம் செய்ய இயலாதவர் என்று இருக்கும். அதைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக ஊர் ஊராகப் போய், "யாரையும் சாராமல் நில்லுங்கள்" என்று பேசிவிட்டு வருவேன்.

சரி, படிக்கு வருகிறேன். ஒரு கல்லூரியில் மேடைக்குப் பின்பக்கம் சாய்தளம் இருந்தது. அதை நோக்கித் திரும்பினேன். ஏற்பாட்டாளர் என் தோளைத் தொட்டு, "முன்னாடி படியிலயே ஏறிடுங்களேன் சார். பசங்க பாக்கட்டும்" என்றார். ஏறினேன். ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அவரைக் குறை சொல்லி என்ன? அன்றைக்கு ருசி கண்டவன் நான். அதற்கப்புறம் சாய்தளம் இருக்கிறதா என்று கேட்பதையே விட்டுவிட்டேன். மூன்றாவது படியில் ஒரு நொடி நிற்பேன். மூச்சு வாங்குவதற்கு இல்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பேன், பிறகு நாலாவது படி. முன்வரிசையில் யாராவது கண்ணைத் துடைப்பார்கள். அந்த வருடங்களில் என் சம்பளம் மூன்று மடங்கு ஆனது. "வலியைத் தாண்டினால்தான் வழி" என்பது என் முத்திரை வாக்கியம். விசிட்டிங் கார்டிலும் அச்சடித்திருந்தேன்.

2021-ல் வலது கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. நல்ல கால்! குளியலறையில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை விழுந்தேன். முதலில் வயதாகிவிட்டது என்று நினைத்து, தினமும் உடற்பயிற்சியைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டர் சோதித்துவிட்டு, போலியோவுக்குப் பின்விளைவு என்றார். போலியோ வந்தபோது நரம்பு செல்கள் பல செத்துப்போகும். மிஞ்சியவை கிளை விட்டு, அநாதையான தசைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வேலை செய்யும். ஒரு வீட்டு மோட்டாரில் நாலு வீட்டுக்குத் தண்ணீர் இறைப்பது மாதிரி. முப்பது நாற்பது வருடம் இறைத்தபின் மோட்டார் சூடாகிறது. எனக்கு நல்ல கால் என்று ஒன்று இருந்ததே இல்லையாம். அதுவும் பாதி அடிபட்டு, வெளியே காட்டாமல் உழைத்த கால்தானாம்.

"என்ன செய்யணும் டாக்டர்?"

"கம்மியா செய்யணும். வலிச்சா உடனே நிறுத்திடணும். பத்து படி ஏற முடியுதுன்னா அஞ்சோட நில்லுங்க."

பக்கத்தில் பிபி பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. "சார், நீங்க எங்க காலேஜ்ல வந்து பேசினீங்கல்ல? வலியைத் தாண்டினாத்தான் வழின்னு?"

ஆமாம்மா என்றேன். வேறென்ன சொல்ல.

சக்கர நாற்காலிக்கு மாறியதும் அழைப்புகள் குறைந்தன. தவழ்ந்தவன் எழுந்து நடந்தான் என்பதுதான் விற்கிற கதை; நடந்தவன் உட்கார்ந்துவிட்டான் என்றால் யார் வாங்குவார்கள்? அந்தச் சும்மா இருந்த மாதங்களில்தான் ஒரு மாணவி அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேடையில் நகைச்சுவை செய்தவர், 2014-ல் சிட்னியில் பேசியது. படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறப்போவதில்லை என்று ஓரிடத்தில் சொல்கிறார். கூட்டம் சிரிக்கிறது. எனக்கு என் மூன்றாவது படி ஞாபகம் வந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்படிப் பேசிய 2014-ன் கடைசியிலேயே, 32 வயதில், அவர் இறந்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது யாராவது கூப்பிட்டால் தேதிக்கு முன்னால் சாய்தளத்தைக் கேட்கிறேன். அடுத்து கழிப்பறை: கதவில் நாற்காலி நுழையுமா? பல வருடங்களாக நிகழ்ச்சி நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, காய்ந்த தொண்டையோடுதான் பேசியிருக்கிறேன். மூன்றாவதாகத் தொகை. "உடனே செஞ்சிடலாம் சார்" என்று சொல்லி, ஒரு பிளைவுட் பலகையைச் சாய்த்து வைப்பார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நாலு படி மேடை இரண்டு அடி உயரம், ஆக இருபத்துநாலு அடி. இதைச் சொன்னால் போனில் ஓர் அமைதி வரும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை, தனியார் கல்வி நிலையங்கள் உட்பட, விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. விதிகள் 2017-ல் வந்தன. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் சாய்தளம் இல்லை. நான் தரையிலேயே பேசுகிறேன் என்றேன். விருந்தினர்கள் மேலே, நான் கீழே பிள்ளைகளோடு. பழைய காலிப்பரைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "சார், இது எவ்வளவு வெயிட்டு?" என்று கேட்டான். பதினாறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ரெண்டரைக் கிலோ, நீயே தூக்கிப் பார் என்று கொடுத்தேன். வரிசை வரிசையாகப் போனது. எங்கோ பின்னால் முழங்கால் பூட்டு டக்கென்று விழுகிற சத்தமும், தொடர்ந்து ஓர் "ஆ!"வும் கேட்டன. விரலை விட்டிருக்கிறான். நானும் முதல் நாள் அதே இடத்தில்தான் விட்டேன்.

முடிந்ததும் பொன்னாடை போர்த்த வேண்டும். நான் மேலே போக முடியாது என்பதால் தலைமையாசிரியை இறங்கி வந்தார். அறுபதை நெருங்குகிறவர். கைப்பிடி இல்லாத படி. மைக் ஸ்டாண்டைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினார். முழங்கால் வலி போலிருக்கிறது. எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.